மட்டை கட்டிய கால்

14

போன கிழமை பத்மாசினியைக் கட்டிலின் கால்மாட்டில், கையில் கயிற்று நுனியோடு விட்டுவிட்டு வந்தோம். அந்தக் கயிற்றை அவிழ்த்தாளா என்று கேட்டு எழுதிய வாசகர்கள் பலர். அவிழ்க்கவில்லை. "இன்னும் மூண்டு நாள், கோட்டிலை வழக்கு முடிஞ்ச உடனை என்ரை கையாலை அவிழ்ப்பன்" என்று புருசனின் தமையன் ஏரம்பு, பிள்ளையார் கோயிலில் கற்பூரத்துக்கு மேலே கையை நீட்டிச் சொன்னார். அதை நம்பி அவள் கயிற்றை விட்டுவிட்டாள். நம்பினதற்கு என்ன கிடைத்தது என்பதுதான் இந்தக் கிழமைக் கதை.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. சித்திரையில், கரைவலை இழுக்கிற முறை யாருக்கு என்று கடற்கரையில் வாய்த்தர்க்கம் வந்தது. பத்மாசினியின் தமையன் சீவரத்தினம் துடுப்பைத் தூக்கி, அவளுடைய புருசன் தில்லைநாதனின் வலது முழங்காலில் இறக்கினான். முழங்கால் சிரட்டை எலும்பு வெடித்தது. ஆறு கிழமை பிளாஸ்ரர். அதை வெட்டி எடுத்தபோது கால் பலகை மாதிரி விறைத்திருந்தது. யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற கலந்தர், கிழமைக்கு இரண்டு நாள் அந்தக் காலை மடக்கப் பழக்கினார். நாற்பது பாகை மடங்கியது. அந்த நேரம் பார்த்துத்தான் ஏரம்பு குறுக்கே வந்தார். மடங்குகிற காலோடு கோட்டுக்குப் போனால் சீவரத்தினம் தப்பிவிடுவான் என்று சொல்லி, காலை நீட்டி, இரண்டு பக்கமும் பனைமட்டை வைத்துக் கட்டிவிட்டார்.

தில்லைநாதனும் காலை நீட்டிக் கொடுத்தான். தன் காலை விட மச்சானை மறியலில் அடைப்பது அவனுக்குப் பெரிதாகத் தெரிந்தது. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்திருந்தால் இந்தக் கதை போன மாதமே முடிந்திருக்கும்.

கட்டிப் பத்தொன்பது நாள். இன்றைக்குக் கோடு.

பருத்தித்துறைக்கு வாடகைக் கார் பிடித்தார் ஏரம்பு. தில்லைநாதனைப் பின்சீற்றில் குறுக்கே கிடத்தி, குதிக்காலைப் பத்மாசினியின் மடியில் வைத்தார்கள். முன்சீற்றில் இருந்து ஏரம்பு தம்பிக்குப் பாடம் நடத்திக்கொண்டே வந்தார்.

"கூண்டிலை ஏறேக்கை ஐயோ எண்டு கத்தவேணும். சும்மா முனகினால் காணாது. நீதவானுக்குக் கேக்கவேணும்."

"நோகாட்டில் என்னெண்டு கத்துறது அண்ணை?"

"நோகப்பண்ண நான் பக்கத்திலை நிப்பன். நீ யோசியாதை."

கார்க்காரன் சிரித்தான். பத்மாசினி சிரிக்கவில்லை. மடியில் கிடந்த காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வேட்டிக்கு மேலால் தெரிந்த தொடை அவளுடைய கையளவுக்கு மெலிந்துவிட்டது. இடது தொடையைப் பார்த்தால் இரண்டும் ஒரே ஆளின் கால் என்று சொல்ல முடியாது.

கோட்டில் பதினொரு மணி வரைக்கும் காத்திருந்தார்கள். பேரைக் கூப்பிட்டு ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. எதிரிப் பக்கத்துக்கு வழக்குப் பேசுகிற பிரக்கிராசியாருக்குக் காய்ச்சலாம். வழக்கு ஐப்பசி பத்தாம் தேதிக்குத் தவணை போடப்பட்டது. தில்லைநாதனுக்குக் கூண்டில் ஏறவும் கிடைக்கவில்லை, கத்தவும் கிடைக்கவில்லை.

"ஐப்பசியோ," என்றார் ஏரம்பு. "பறவாயில்லை. அதுமட்டும் கட்டு இருக்கட்டும்."

பத்மாசினி அவருடைய கையைப் பார்த்தாள். கற்பூரத்துக்கு மேலே நீட்டிய கை அது. அவள் விரலை மடித்து எண்ணிப் பார்த்தாள். இது ஆடி. ஐப்பசிக்கு இன்னும் மூன்று மாதம். ஆவணிக்குள் தொண்ணூறு பாகை வராவிட்டால் பிறகு அந்தக் கால் மடங்குவது கடினம் என்று கலந்தர் திருப்பித் திருப்பிச் சொல்லியிருந்தார். வள்ளத்தில் குந்தியிருந்து வலை எடுக்க முடியாதவன் கடலுக்குப் போய் என்ன செய்வது?

ஆண்கள் காரைத் தேடிப் போன நேரத்தில் அவள் விறாந்தைக்கு ஓடித் தங்கள் பிரக்கிராசியாரைப் பிடித்தாள்.

"ஐயா, ஒண்டு கேக்கவேணும். இவரின்ரை கால் மடங்கினால் வழக்குப் பழுதாய்ப் போமோ?"

"ஆர் பிள்ளை சொன்னது?"

"பெரியத்தான்."

பிரக்கிராசியார் கறுப்புக் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டே சிரித்தார். "எக்ஸ்றே படம் கோட்டிலை கிடக்கு. சிரட்டை வெடிச்சது வெடிச்சதுதான். உன்ரை மனிசன் நாளைக்குக் காவடி எடுத்து ஆடினாலும் அது கடுங்காயம்தான். இதை ஏரம்புவுக்கு நான் முதல் நாளே சொன்னனான்."

"முதல் நாளே சொன்னனீங்களோ?"

"ஓம். காலைக் கட்டு எண்டு நான் சொல்லேல்லை. என்ரை பேரை அதுக்குள்ளை இழுக்கவேண்டாம்."

அவள் படியிறங்கி ஓடிவந்தபோது வாசலில் சத்தம் தொடங்கியிருந்தது.

சீவரத்தினம் வேப்பமரத்தின் கீழே நின்றிருக்கிறான். தங்கைச்சியின் புருசன் மட்டை கட்டிய காலோடு ஊன்றுகோலில் தொங்கி வருவதைப் பார்த்தவன் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "மச்சான், உந்தக் கட்டை அவிழ்த்து விடு. பாக்கச் சகிக்கேல்லை" என்றான். நல்ல மனதோடு சொன்னானா, நக்கலுக்குச் சொன்னானா என்று எனக்கும் தெரியாது. ஏரம்புவுக்கு அந்தச் சந்தேகம் வரவேயில்லை. கையிலிருந்த குடையால் சீவரத்தினத்தின் முகத்தில் வீசி அடித்தார்.

குடைக்கம்பி முறிந்து கன்னத்தைக் கிழித்தது. சீவரத்தினம் அவருடைய சேட்டுக் கழுத்தைப் பிடித்து இழுத்து நெற்றியால் மூக்கில் மோதினான். இரண்டு பேரும் மதிலில் சாய்ந்து ஒருவரை ஒருவர் குத்தினார்கள். பொலிஸ்காரன் விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்து இரண்டு பேரையும் விலக்கினான். தில்லைநாதன் ஊன்றுகோலை இரண்டு கையாலும் ஓங்கினான். ஓங்கினவனுக்குத் தான் நிற்பதே அந்தக் கோலில்தான் என்பது மறந்துபோயிற்று. அடி விழுமுன்னமே ஆள் விழுந்தான்.

முகம் தாரில் அடித்தது. முன்பல் ஒன்று உடைந்து உதட்டுக்குள் போனது. அவன் எழும்பப் பார்த்தான். மடங்குகிற கால் என்றால் மடக்கி ஊன்றியிருப்பான். இந்தக் கால் நீட்டினது நீட்டினபடி கிடந்தது. இடது பக்கம் புரண்டான், வலது பக்கம் புரண்டான், கையை ஊன்றினான், திரும்பவும் விழுந்தான். தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். பத்மாசினி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து சேருமுன் சீவரத்தினம் கன்னத்து இரத்தத்தைத் துடைத்துவிட்டுக் குனிந்து கையை நீட்டினான்.

"பிடி மச்சான்."

தில்லைநாதன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு அந்தக் கையில் காறித் துப்பினான். பல்லும் இரத்தமும் சேர்ந்து விழுந்தது. சீவரத்தினம் கையை இடுப்புச் சாறத்தில் துடைத்துக்கொண்டு, தங்கைச்சியின் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டான்.

காரில் ஏரம்பு சால்வையை மூக்கில் அழுத்திக்கொண்டிருந்தார். தில்லைநாதன் உதட்டில் மனைவியின் கைலேஞ்சித் துணியை வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தான். பத்மாசினி கலந்தர் சொன்னதை மனதுக்குள் ஒரு தரம் பாடமாக்கினாள்.

கலந்தர் பொறுமைசாலி. அவருடைய அறையில் கப்பியும் கயிறும் மணல்மூட்டையும், மாபிள் மாதிரி மினுக்கிய ஒரு பலகையும் இருக்கும். அந்தப் பலகையில் பவுடர் தூவி, குதிக்காலை வைத்து, தன் பக்கம் இழுக்கச் சொல்லுவார். "நோவிலை ரெண்டு வகை இருக்கு, தங்கச்சி. மடக்கேக்கை இழுத்து நொந்து, விட்ட உடனை குறைஞ்சால் அது நல்ல நோவு. விறைச்சது இளகுது எண்டு கருத்து. ராத்திரி முழுக்க நிண்டு, விடிய முழங்கால் வீங்கிச் சுட்டால், அண்டைக்குக் கூடச் செய்துபோட்டியள். அடுத்த நாள் குறையுங்கோ. ஆனால் நிப்பாட்டிப்போடாதேங்கோ. இன்னொண்டு, நீங்கள் முறிச்சு மடக்கக்கூடாது. அவர்தான் மடக்கவேணும். நீங்கள் தாங்கினாக் காணும்."

வீட்டுக்கு வந்ததும் ஏரம்பு முதல் வேலையாகத் தம்பியைக் கட்டிலில் கிடத்தி, விழுந்ததில் தளர்ந்த கயிற்றை அவிழ்த்து, இன்னும் ஒரு சுற்றுக் கூட்டி இறுக்கத் தொடங்கினார்.

"பெரியத்தான், விடுங்கோ," என்றாள் பத்மாசினி. "பிரக்கிராசியாரைக் கேட்டனான். கால் மடங்கினாலும் கடுங்காயம்தானாம். உங்களுக்கு முதல் நாளே சொன்னவராம்."

கயிறு இழுத்த கை ஒரு கணம் நின்றது. தில்லைநாதன் கைலேஞ்சியை வாயிலிருந்து எடுத்தான்.

"சொன்னவரோ அண்ணை?"

"அவருக்கு என்ன தெரியும்?" என்றார் ஏரம்பு. "படத்திலை கிடக்கிறது ஒரு நூல் மாதிரிக் கீறல். நீதவான் படத்தைப் பாப்பாரோ, முன்னாலை நிக்கிற மனிசனைப் பாப்பாரோ? நொண்டிக்கொண்டு நிண்டால்தான் இரக்கம் வரும். ஏழு வருசம் கிடைக்கும். நீ நடந்து போனால் சீவரத்தினம் ஆறு மாசத்திலை வெளியாலை வந்திடுவான்."

"அதுக்காக இவரின்ரை காலைத் திண்ணுறதோ?"

"உனக்குப் பிரச்சினை கால் இல்லை." ஏரம்பு திரும்பினார். மூக்கிலிருந்து திரும்பவும் இரத்தம் வடிந்து மீசையில் நின்றது. "உனக்குக் கொண்ணை சீவரத்தினம் உள்ளுக்குப் போகக்கூடாது. அதுதான் உந்தத் தடவலும் மடக்கலும். எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ?"

அந்தச் சொல் பத்மாசினிக்குப் புதிது இல்லை. இரண்டு மாதமாக ஊர் முழுக்கக் குசுகுசுத்ததுதான். அவள் தில்லைநாதனின் முகத்தைப் பார்த்தாள். அவன் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் குசினிக்குப் போய் மீன் வெட்டுகிற கத்தியோடு வந்தாள். ஏரம்பு தன்னைக் குத்த வருகிறாள் என்று எண்ணி எழும்பினார். அவள் அவரைத் தாண்டிப் போய்க் கயிற்றுக்குள் கத்தியைக் கொடுத்து மேலே இழுத்தாள். முதல் முடிச்சு அறுந்தது.

ஏரம்பு அவளுடைய கொண்டையைப் பிடித்து இழுத்துக் கதவு நிலையோடு மோதினார். கண் இருண்டது. அவள் கத்தியை விடவில்லை. அவர் அதைப் பறிக்க அலகிலேயே கையைப் போட்டார். உள்ளங்கை வாய் திறந்து இரத்தம் கொட்டியது. அதைக் கண்டதும் அவருக்கு வெறி ஏறிவிட்டது. வெட்டுப்பட்ட கையாலேயே அவளுடைய கன்னத்தில் அறைந்தார். இரண்டாவது அடியில் அவள் நிலத்தில் இருந்தாள். மூன்றாவது, காலால் விலாவில் விழுந்தது. அவள் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு எழும்பி, திரும்பவும் கயிற்றில் கத்தியை வைத்தாள். இரண்டாவது முடிச்சு அறுந்தது.

"அடி அண்ணை, அடி," என்று தில்லைநாதன் சொல்லியிருந்தாலும் அவள் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டாள். அவன் சொல்லவில்லை. பக்கத்தில் சாத்தியிருந்த ஊன்றுகோலை எடுத்துக் கட்டிலில் இருந்தபடியே வீசி அடித்தான். அது ஏரம்புவின் தோள் எலும்பில் பட்டுச் சத்தம் கேட்டது. ஏரம்பு சுவரில் சரிந்தார்.

"போ அண்ணை வெளியாலை."

"உவளுக்காக என்னை அடிச்சனீ."

"எனக்குப் பொய் சொன்னனீ. பத்தொன்பது நாள் மரக்கட்டை மாதிரிக் கிடந்தனான். இண்டைக்கு றோட்டிலை கிடந்து புரண்டனான். சனம் சிரிச்சது. கேட்டதோ உனக்கு?" அவன் கோலைத் திரும்ப ஓங்கினான். "போ."

ஏரம்பு வெட்டுக் கையைச் சால்வையில் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனார். அங்கே நின்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். நாற்பது வயசு வரைக்கும் தம்பிக்காகவே ஊரோடு அடிபட்ட மனிதர் அவர். இதையும் தம்பிக்காகத்தான் செய்ததாக நினைத்தார், அதில் பொய் இல்லை. அவருடைய கண் கலங்கியது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"கிடந்து நொண்டு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்மாசினி மிச்சக் கயிற்றை அறுத்து மட்டைகளை முற்றத்தில் எறிந்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு தண்ணீர் கொதிக்க வைத்தாள். துவாயை அதில் தோய்த்துப் பிழிந்து முழங்காலைச் சுற்றிப் போட்டு, ஆறவிட்டு, திரும்பத் தோய்த்துப் போட்டாள். விலா ஒவ்வொரு மூச்சுக்கும் குத்தியது. பிறகு சோத்துப் பலகையைக் கழுவித் துடைத்துக் கட்டிலில் வைத்துப் பவுடர் தூவினாள்.

"தொடையை இறுக்குங்கோ. முழங்காலைக் கீழை அமத்துற மாதிரி. நான் பத்து எண்ணும் மட்டும்."

மூன்று எண்ணும்போதே தசை துடித்து விட்டுவிட்டது. நாற்பது பாகை வந்த கால் பத்துக்குக்கூட வரமாட்டேன் என்றது. அவன் இழுத்தான், அவள் குதிக்காலைத் தாங்கினாள். முழங்காலுக்குள் ஏதோ கிழிகிற மாதிரி அவன் கத்தினான். கத்தின வேகத்தில் அவளுடைய தோளில் குத்தினான். அவள் குதிக்காலை விடவில்லை.

"கொல்லாதையடி."

"விட்ட உடனை நோகுதோ, குறையுதோ?"

அவன் மூச்சு வாங்கினான். "குறையுது."

"அப்ப நல்ல நோவு. இன்னொருக்கால்."

ஐந்து தடவை செய்தார்கள். ஐந்தாவதில் இருபது பாகைக்குக் கிட்ட வந்தது. அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. கன்னம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தும் சிரித்தாள். தில்லைநாதன் இன்னும் செய் என்றான்.

"இப்ப காணும். வீங்கினால் நாலு நாள் பின்னுக்குப் போகும். பின்னேரம் செய்வம்."

பின்னேரம் நாலு மணிக்கு அவளைக் கூப்பிட்டதே அவன்தான். பிளாஸ்ரர் வெட்டின நாளிலிருந்து பயிற்சிக்கு அவன் தானாகக் கூப்பிட்டது இதுதான் முதல் தரம். பலகையைத் தானே இழுத்து வைத்திருந்தான். கத்தவில்லை, குத்தவில்லை. உடைந்த பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். வியர்வை கழுத்தால் வடிந்து பாயை நனைத்தது. இருபத்தைந்து, முப்பது. கலந்தரிடம் நாளைக்கே கூட்டிக்கொண்டு போனால் மனிசன் வாயைப் பிளந்துவிடுவார் என்று நினைத்தாள். கடவுளே, இந்த மனம் இவனுக்கு மூன்று கிழமைக்கு முன்னம் வந்திருக்கக்கூடாதா என்று ஏங்கினாள்.

"எத்தினை நாளிலை குந்துவன்?" என்று கேட்டான்.

"உப்பிடிச் செய்தால் ரெண்டு மாசம். வள்ளத்துக்குப் போகலாம்."

"ஊன்றுகோல் இல்லாமல் நிக்க?"

"ஒரு மாசத்திலை நிப்பியள்."

"நிண்டு, ரெண்டு கையாலும் துடுப்பை ஓங்கி அடிக்க?"

பத்மாசினி விளங்காமல் பார்த்தாள். வள்ளத்தில் துடுப்பை எவன் ஓங்கி அடிப்பான்? தண்ணீரில் வலிப்பதுதானே துடுப்பு.

"கோல் இல்லாமல் ஓங்கினாத்தான் அடி விழும்," என்றான் தில்லைநாதன். சத்தம் போடாமல், ஒரு வேலையைப் பற்றிக் கதைக்கிற மாதிரிச் சொன்னான். "இண்டைக்குப் பாத்தனீதானே. காலை அடிச்சு உடைச்சான், நான் கோட்டுக்குப் போனன். மனிசனாய் இருப்பம் எண்டு போனன். இண்டைக்கு றோட்டிலை வைச்சு எனக்குக் கை தாறான். சனம் பாத்துக்கொண்டு நிக்க, பிடி மச்சான் எண்டுறான். இனிக் கோடு வேண்டாம், தவணை வேண்டாம். கால் வந்தாக் காணும். முதல் நாள் கடலுக்குப் போகமாட்டன். கொண்ணையின்ரை வளவுக்குப் போவன். அந்தக் கையை முதல் எடுப்பன். பேந்து தலையை."

"விசர்க் கதை கதையாதேங்கோ."

"விசர் இல்லை. உன்னட்டை ஒளிச்சுச் செய்ய எனக்கு விருப்பமில்லை. அண்ணை எனக்கு ஒளிச்சவன், நான் உனக்கு ஒளிக்கமாட்டன்."

அவளுடைய இரண்டு கையிலும் அவனுடைய குதிக்கால் இருந்தது. அவனை அவளுக்குத் தெரியும். பதினொரு வருசத்தில் செய்வேன் என்று சொன்ன ஒன்றையும் அவன் செய்யாமல் விட்டதில்லை. சீவரத்தினத்தையும் தெரியும். தாய் செத்தபிறகு அவளைத் தூக்கி வளர்த்தவன், முன்கோபி, ஆனால் அடிக்க வருகிறவனைக் கண்டு ஒரு நாளும் ஓடாதவன். ஓடச் சொன்னாலும் நிற்பான்.

கால் மடங்காமல் விட்டால் புருசன் ஆயுள் முழுக்க இந்தக் கட்டிலோடுதான். மடங்கினால் தமையனின் தலை. இரண்டு மாதம் என்று சற்று முன்னம் அவள் வாயாலேயே கணக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"நான் இப்ப நிப்பாட்டினால்?" என்றாள். "நான் இனி மடக்கமாட்டன் எண்டால் என்ன நினைப்பியள்?"

அவன் யோசிக்கவும் இல்லை.

"அண்ணை சொன்னது சரி எண்டு நினைப்பன். நீ மடக்கினது எனக்காக இல்லை, கொண்ணைக்காக எண்டு."

முற்றத்தில் காகங்கள் கத்தின. பத்மாசினி இந்த இரண்டு மாதமும் யாருக்காக மடக்கினாள் என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். ஒரு சுத்தமான பதில் வரவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அவள் பலகையில் இன்னும் கொஞ்சம் பவுடர் தூவி, குதிக்காலைச் சரியாக வைத்தாள்.

"மூச்சை விடுங்கோ," என்றாள்.

அவன் மூச்சை விட்டு இழுத்தான். அவள் தாங்கினாள்.